தட்டில் இருப்பது எங்கே விளைந்தது என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். இனி என்ன செய்வது?

மாடித்தொட்டி எழுதியது:

வணக்கம். மண்ணோடு பல ஆண்டுகள் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாள். கடையிலிருந்து என்றேன். "கடைக்கு?" சந்தையிலிருந்து என்றேன். "சந்தைக்கு?" அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் இவளுக்கு ஊட்டி வளர்க்கிற பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று இரவே ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். பொருள், விளைந்த இடம், விளைவித்தவர். ஒரு மாதம் விடாமல் எழுதினேன். மாதக் கடைசியில் 41 பொருள்கள் சேர்ந்திருந்தன. விளைந்த இடத்தை உறுதியாக எழுத முடிந்தது ஒன்பதுக்கு. விளைவித்தவரை எழுத முடிந்தது ஒன்றே ஒன்றுக்கு. கீரை விற்கும் அம்மா, தன் கையால் விதைத்தது என்று சொன்னதால். எண்ணெய், பருப்பு, மாவுப் பொட்டலங்களில் அடைத்த இடத்தின் முகவரி இருக்கிறது, அடைத்த தேதி இருக்கிறது. எந்த நிலத்தில் விளைந்தது என்று ஒரு சொல்கூட இல்லை.

எங்கள் மாடியில் நல்ல வெயில் படும் இடம் 10 சதுர மீட்டர் இருக்கிறது. சென்ற ஆண்டு எட்டுப் பைகளில் தக்காளி வைத்தேன். செடி தழைத்தது, பூத்தது, காய்த்தது. ஆனால் பாதிக் காய்களின் அடிப்பகுதி கறுத்து, உள்வாங்கி, பதனிட்ட தோல்போல ஆகிவிட்டது. நல்ல காய் ஒன்றிலிருந்து விதை எடுத்து வைத்து அடுத்த முறை போட்டேன். தாய்ச்செடிக்குச் சம்பந்தமே இல்லாத காய்கள் வந்தன.

இந்த இடத்தை வைத்துக்கொண்டு எங்கள் மூவரின் சாப்பாட்டில் எவ்வளவை நாங்களே விளைவிக்க முடியும்? முடியாததை, பக்கத்தில் விளைந்ததாகப் பார்த்து வாங்கினால் போதுமா? தக்காளி ஏன் அப்படி ஆயிற்று? மகள் மறுபடி கேட்கும்போது அவளுக்கு உண்மையான ஒரு பதில் சொல்ல வேண்டும்.

கணக்குநோட்டு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் தக்காளியில் இருப்பது சுமார் 18. ஒரு நாள் பசியைத் தக்காளியை மட்டும் தின்று ஆற்ற வேண்டுமானால் 11 கிலோ தின்ன வேண்டும். உருளைக்கிழங்கில் 100 கிராமுக்குச் சுமார் 77 இருக்கிறது. ஹெக்டேருக்கு 20 டன், அதாவது சதுர மீட்டருக்கு 2 கிலோ கிழங்கு கிடைப்பதாகக் கொண்டால், உங்கள் மாடி முழுவதும் சேர்ந்து 20 கிலோ தரும். ஒருவருக்கு எட்டு நாளைக்கும் குறைவான சாப்பாடு. மூன்று பேருக்கு இரண்டரை நாள். தானியம் ஹெக்டேருக்கு 4 டன் என்று போட்டால், ஒரே ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு மட்டும் 500 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும்.

ஆகவே உங்கள் வயிற்றை நிரப்பப் போவது வேறு யாரோ ஒருவருடைய நிலம்தான். மாடியில் கீரையும் மிளகாயும் பச்சைக் காய்களும் போடுங்கள். இவற்றில் கலோரி குறைவு. ஆனால் பறித்த சில மணி நேரத்தில் வாடிப்போகிறவை கீரைகள்தான், கையெட்டும் தூரத்தில் இருந்தால் பலன் உண்டு. கிழங்குக்கும் தானியத்துக்கும் அந்த இடத்தைச் செலவிட வேண்டாம்.

ஈரமண் எழுதியது:

சகோதரி, உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் எழுந்துபோய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். 41 பொருள்களுக்கு ஒரு மாதம் கட்டம் போட்டு எழுதியவர் சாதாரணமாகக் கேட்கவில்லை. அதனால் நானும் முழுதாகவே சொல்கிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அலுவலக வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தைக் கையில் எடுத்தேன். முப்பது ஆண்டுகள் ஒரே தானியம், மூட்டை உரம், அறுவடை முடிந்ததும் வயலில் மிஞ்சும் பயிர்த்தாளுக்குத் தீ. இப்படியே நடந்த நிலம் அது. வீட்டுக்குப் பின்னால், அம்மா சாம்பலும் சாணமும் காய்த்தோலும் கொட்டிவந்த சிறு காய்கறிப் பாத்தி ஒன்றும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஆதியில் ஒரே மண்.

வந்த புதிதில் இரண்டு இடத்திலிருந்தும் எலுமிச்சை அளவு மண்கட்டி ஒவ்வொன்று எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிரம்பிய இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் மெதுவாக இறக்கினேன். வயல் கட்டியிலிருந்து முதலில் குமிழிகள் வந்தன. பிறகு ஓரங்கள் சரிந்தன. ஒரு நிமிடத்துக்குள் கட்டி என்ற ஒன்றே இல்லை. அடியில் சேறு, மேலே கலங்கல் நீர். அம்மாவின் பாத்திக் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் தெளிவாக இருந்தது. கட்டியிலிருந்து முடிபோன்ற வேர்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா அந்தத் தம்ளர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

மண்துகள்களை ஒட்டிப் பிடித்திருப்பது உயிர்ப்பொருள்தான். வேர் கசியும் பசை, பூஞ்சை இழை, மண்புழுவின் எச்சம், மட்கிய தழை. அது தீர்ந்துபோனால் மழைத்துளி பட்டதும் மண் கரைந்து, நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும், ஓடும்போது மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். உலகம் ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கிற நன்னீரில் சுமார் 70 சதவீதம் வேளாண்மைக்குப் போகிறது. அந்த நீரைப் பிடித்து வைக்கிற மண்ணா, வழிய விடுகிற மண்ணா என்பதை நாம் விசாரிப்பதே இல்லை.

அதனால் உங்கள் நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொல்வேன்: விளைச்சலை எடுத்துக்கொண்ட பின் அந்த மண்ணுக்கு என்ன திரும்பிப் போயிற்று?

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற ஆய்வு நிலையத்தில், பிராட்பாக் என்ற வயலில், 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. ஒரு பகுதிக்கு உரமே இல்லை, ஒரு பகுதிக்குத் தொழு உரம், மற்றவற்றுக்கு ரசாயன உரங்கள் வெவ்வேறு அளவில். உரமே காணாத பகுதி இன்றும் செத்துவிடவில்லை, ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் தருகிறது. ரசாயன உரம் போட்ட பகுதிகளும் நல்ல விளைச்சல் தருகின்றன, இதை மறைக்கக் கூடாது. ஆனால் தொழு உரம் பெற்றுவந்த பகுதியின் மேல்மண்ணில் உள்ள கரிமச்சத்து, உரமில்லாத பகுதியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

மூட்டை உரத்தை நான் வைய மாட்டேன். 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் பிரிட்ஸ் ஹாபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை, அந்த உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவாக ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற இடத்து ஆலை 1913இல் ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாப்பாடு அந்த வழியில் கிடைத்த நைட்ரஜனை நம்பியிருக்கிறது. அதற்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மகள் "வயலுக்கு முன்னால் எங்கே இருந்தது?" என்று கேட்டால், உண்மையான பதிலில் ஓர் எரிவாயுக் கிணறும் வரும். ஏழு வயதுக் குழந்தைக்கும் இது புரியும், சொல்லுங்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டே எல்லா உரத்தையும் ஒரேயடியாக நிறுத்தினேன். போதாததற்கு, காய்ந்த தாளை நிறைய வெட்டி மண்ணுக்குள் புதைத்து உழுதேன். பயிர் மஞ்சள் பூத்து நின்றது. தாளில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த கொஞ்சநஞ்ச நைட்ரஜனையும் எடுத்துக்கொண்டுவிட்டன. விளைச்சல் பாதிக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டு வீட்டில் பட்ட சிரமத்தை இன்னும் மறக்கவில்லை. தாளை மண்ணின் மேலே மூடாக்காக விரித்திருக்க வேண்டும். உரத்தைப் படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும். இயற்கை வழிக்கு மாறச் சொல்கிறவர்கள் இந்த நடுக்காலத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாததால் நொந்துபோய்த் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் விளைந்தால் போதுமா என்று கேட்டீர்கள். தூரம் நாம் நினைக்கிற அளவு பெரிய பங்கு இல்லை. 119 நாடுகளில் சுமார் 38,000 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2018இல் சயன்ஸ் இதழில் வந்தது. உணவு வழியாக வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம்தான். பெரும்பகுதி நிலத்திலும் பண்ணையிலுமே உண்டாகிவிடுகிறது. விமானத்தில் வரும் பொருள்கள் மட்டும் தனிக் கணக்கு. கப்பலில் வருபவை அப்படி அல்ல.

மாடிக்கும் இதே கேள்வி உண்டு. 2024இல் நேச்சர் சிட்டீஸ் இதழில் வந்த ஆய்வு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 73 நகர்ப்புறத் தோட்டங்களை அளந்து பார்த்தது. ஒருவேளைக்கான காய்கனிக்குக் கணக்கிட்டால், வழக்கமான பண்ணையைவிடச் சராசரியாக ஆறு மடங்கு கரி வெளியீடு. காரணம், பாத்தியைச் சுற்றி அடிக்கும் சட்டங்கள், தொட்டிகள், கொட்டகைகள். வாங்கிப் போட்டுவிட்டுச் சில ஆண்டுகளில் கைவிடுகிறார்கள். இதைப் படித்து மனம் தளர வேண்டாம். புதிதாக எதையும் வாங்காதீர்கள், அந்த எட்டுப் பைகளையே பத்து ஆண்டு ஓட்டுங்கள், பழைய வாளி, உடைந்த தொட்டி எதுவானாலும் போதும் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது.

பைக்குள் போடும் மண்ணைச் சமையலறையிலிருந்தே உண்டாக்குங்கள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை. கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30க்கு 1 என்ற அளவில் அமைய வேண்டும். ஆனால் தராசு வேண்டாம், மூக்கு போதும். அழுகல் நாற்றம் வந்தால் காய்ந்த இலை சேர்த்துக் கிளறுங்கள். அப்படியே கிடந்து மட்காமல் இருந்தால் கொஞ்சம் ஈரம் காட்டுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு துளி கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. மட்கி முடிந்தது மழை பெய்த காட்டுத்தரைபோல மணக்கும்.

உங்கள் தக்காளிக்கு வந்தது நோய் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். பை ஒருநாள் காய்ந்து, மறுநாள் குளமாகி, மறுபடி காய்ந்தால் வரத்து அறுந்துபோகும். சுண்ணாம்பு வாங்கிக் கொட்ட வேண்டாம். பெரிய பையாகப் பார்த்து, நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலையை மூடாக்குப் போட்டு, தினமும் ஒரே அளவாக நீர் விடுங்கள்.

முதலில் ஒரு பையில் தட்டைப்பயறு போடுங்கள். மூட்டையில் வரும் நைட்ரஜனுக்கு ஆலை வேண்டும். இந்தச் செடி தன் வேரிலேயே, பாக்டீரியாவின் துணையோடு, அதைக் காற்றிலிருந்து பிடிக்கும். புதிதாக வாங்கிய தொட்டிக் கலவையில் அந்த பாக்டீரியா இருக்காது, பயறு விளைந்த நிலத்து மண் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். ஆறேழு வாரத்தில் ஒரு செடியைத் தோண்டி எடுத்து, வேரில் இருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து மகளுக்குக் காட்டுங்கள்.

விதைப்பெட்டி எழுதியது:

ஈரமண் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. வாயுக் கணக்கில் தூரம் சிறியதாக இருக்கலாம். ஆனால் பக்கத்தில் விளைவிப்பவரிடம்தான் நேரில் போய், "தாளை எரிக்கிறீர்களா, கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள், இந்தப் பயிருக்கு முன் இதே இடத்தில் என்ன இருந்தது?" என்று கேட்க முடியும். ஐயா சொல்லும் நான்காவது கட்டத்தை நிரப்ப வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலான விவசாயிகள் கோபித்துக்கொள்வதில்லை, மனம் குளிர்ந்து வயலைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதுவரை அவர்களிடம் யாரும் விலையைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

தக்காளி விதைக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது வீரிய ஒட்டுரக விதையாக இருந்திருக்கும். இரண்டு வெவ்வேறு தாய்தந்தை வழிகளைக் கலந்து உண்டாக்கியது. முதல் தலைமுறை ஒரே சீராக நிற்கும், அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடும். மறுவிதைப்புக்கு ஏற்ற ரகம் வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள். தக்காளியும் பயறும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, புதிதாக விதை சேமிப்பவருக்கு இவைதான் எளிது. பூசணியிலிருந்து தொடங்க வேண்டாம், தேனீ எங்கிருந்து எதைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று சொல்ல முடியாது. நன்றாகப் பழுத்த தக்காளியின் விதையைக் கூழோடு கிண்ணத்தில் எடுத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலே படரும் ஆடையை நீக்கிக் கழுவி, தட்டில் நிழலில் உலர்த்துங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறை முளைப்பைத் தடுக்கும். புளிப்பில் அது கரைந்துவிடும். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும்.

விதை சேமிப்பதை நான் பொழுதுபோக்காக நினைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, தாவர அறிஞர் நிகோலாய் வவிலோவ் கட்டியெழுப்பிய விதைச் சேகரிப்பைக் காத்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் சிலர் பட்டினியால் இறந்தார்கள். அவர்களைச் சுற்றி அரிசியும் பயறும் பெட்டி பெட்டியாக இருந்தன. வவிலோவ் 1943இல் சிறையில் இறந்தார். ஒவ்வொரு முறை புட்டியில் விதை போட்டு மூடும்போதும் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

மாடித்தொட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

ஐயா, என் பழைய பையிலிருந்த மண்கட்டியையும் கீரை அம்மாவின் தோட்டத்துக் கட்டியையும் தம்ளரில் போட்டுப் பார்த்தோம். என்னுடையது கரைந்தது. அம்மாவுடையது ஓரங்கள் மட்டும் கொஞ்சம் உதிர்ந்து, நின்றது. அவரிடம் நான்காவது கட்டத்தைக் கேட்டேன். ஆட்டுப்புழுக்கை, கீரைத்தண்டு, காய்ந்த சருகு என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு, "நீ கேட்டதால் சொல்கிறேன், இரண்டு பாத்திக்கு மூட்டை உரமும் போடுகிறேன்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். மற்ற 40 பொருள்களுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

தட்டைப்பயறு நன்றாக வந்து பூத்துவிட்டது. நேற்று ஒரு செடியைப் பை மண்ணோடு சாய்த்து, வாளித் தண்ணீரில் வேரை அலசினோம். கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள். மகள் ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே பச்சை மாமிசம்போல இளஞ்சிவப்பு. "இதற்கு ரத்தம் இருக்கிறதா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் சிலவற்றைப் பிளந்தோம். இரண்டு மூன்று மட்டும் உள்ளே பச்சையாக இருந்தன. அவை ஏன் அப்படி? மீதிச் செடிகளை இனி என்ன செய்யட்டும்?

ஈரமண் எழுதியது:

மகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் அந்த முடிச்சுக்குள் இருக்கிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் அதிகம் பட்டால் ஆகாது, பாக்டீரியாவுக்கோ மூச்சுவிடக் கொஞ்சம் வேண்டும். இரண்டுக்கும் ஏற்றபடி ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அந்தப் புரதத்தின் வேலை. இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. பச்சையானவை முதிர்ந்து ஓய்ந்தவை.

செடிகளை என்ன செய்வது என்பது உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. பயறு முற்றும்வரை விட்டால் பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி விதைக்குள் ஏறி உங்கள் தட்டுக்கு வரும். மண்ணுக்கு மிஞ்சுவது கொஞ்சம். மண்ணுக்கு வேண்டுமானால் இப்போதே, பூவோடு, தரைமட்டத்தில் வெட்டி, நறுக்கி, அதே பையில் பரப்பிவிடுங்கள். பாதிச் செடிகளை அப்படிச் செய்து, பாதியைக் காய்க்க விடலாம். எப்படியானாலும் பிடுங்க வேண்டாம், வேர் உள்ளேயே இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்தப் பையில் தக்காளி நாற்றை நடுங்கள்.